கிட்டாரில் ஜிகினா

முதன்முதலாக ஒரு கிட்டார் உடலுக்கு வெள்ளி நிறம் அடித்த அன்று இரவு, டியூப்லைட் வெளிச்சத்தில் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போய்த்தான் தூங்கினேன். காலையில் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பினால், மேல்பக்கம் முழுக்கத் திட்டுத் திட்டாக மேகம். ஒரு இடம் வெளுப்பு, ஒரு இடம் சாம்பல், ஓரங்களில் யாரோ பென்சிலால் நிழல் தீட்டிய மாதிரி கருப்பு. சரி, பெயின்ட் பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு கோட் அடித்தேன். மேகம் இடம் மாறியதே தவிர, போகவில்லை. மூன்றாவது கோட், நான்காவது கோட். ஐந்தாவதுக்குத் தின்னர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, நான் அடித்துக்கொண்டிருப்பது நிறமே இல்லை என்று.

சிவப்பு நிறமி எப்படிக் கிடந்தாலும் சிவப்புதான். அலுமினியப் பவுடர் அப்படியில்லை. அதன் ஒவ்வொரு துகளும் ஒரு தட்டைச் செதில். அகலம் 10 மைக்ரானிலிருந்து 40 மைக்ரான் வரை இருக்கும், தடிமன் ஒரு மைக்ரான்கூட வராது. நம் தலைமுடி ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். அப்படிப்பட்ட லட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகளைத்தான் மரத்தின்மேல் தூவுகிறோம். எல்லாம் மல்லாந்து படுத்தால் வெள்ளியாக மின்னும். கொஞ்சம் குத்திட்டு நின்றால் அந்த இடம் கருக்கும். ஆக, எவ்வளவு அடித்தோம் என்பது பெரிய விஷயமில்லை. செதில் எப்படிப் படுத்தது என்பதுதான் எல்லாமே.

படுக்க வைப்பது, பவுடரைக் கலந்து அடிக்கிற லாக்கர் என்ற வார்னிஷ் காய்கிற விதம். ஈரமான படலம் காயக் காய மெலிந்து சுருங்கும், அந்தச் சுருக்கம் செதில்களை அமுக்கித் தட்டையாக்கும். இது நமக்குச் சாதகமான விஷயம். ஆனால் ரொம்ப ஈரமாக அடித்துவிட்டால் காய நேரமாகும், அந்த நேரத்தில் செதில்கள் உள்ளே நீந்தி ஓரிடத்தில் கூடிவிடும். என் மேகம் அதுதான். மாறாக, பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்துப் பாதி காற்றிலேயே காயும்படி அடித்தால், படுக்க நேரமில்லாமல் விழுந்த கோணத்திலேயே ஒட்டிக்கொள்ளும், மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும். நான் இப்போது செய்வது: முதல் இரண்டு கோட் நடுத்தர ஈரத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூடும்படி. அப்புறம் அது மங்கி வரும் சமயத்தில், இரண்டு மடங்கு தூரத்திலிருந்து, கையை நிறுத்தாமல், பனி விழுகிற மாதிரி ஒரே ஒரு மெல்லிய கோட். திட்டுகளைச் சமன் செய்வது அந்தக் கடைசிப் பனிதான். இதைச் சொல்வது எளிது, கைக்கு வர எனக்கு ஏழெட்டுப் பலகைகள் பாழாயின.

இன்னொன்றும் உண்டு. கழுத்தும் தலைப்பகுதியும் உடலோடு பொருந்த வேண்டுமென்றால், ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே வாக்கில் தொங்கவிட்டு அடிக்க வேண்டும். உடலைப் படுக்க வைத்தும் கழுத்தைத் தொங்கவிட்டும் அடித்தால் ஒரே டப்பாவிலிருந்து வந்த பெயின்ட் இரண்டு நிறமாகத் தெரியும். அதே காரணத்தால், இதில் ஒட்டுப்போடும் வேலையும் நடக்காது. சாதா கருப்பில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் நிரப்பித் தேய்த்துச் சரிசெய்யலாம். வெள்ளியில் ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும்.

தங்க நிறத்தின் கதை வேறு. தங்கப் பவுடர் என்று டப்பாவில் இருப்பது தங்கமில்லை, செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைதான். செம்பு கூடினால் சிவந்த பொன், துத்தநாகம் கூடினால் பசுமை ஓடிய பொன். 70க்கு 30 என்ற கலவைதான் நமக்குத் தங்கம் என்று தோன்றும் அந்த அடர்ந்த மஞ்சளைத் தருவது. கிப்சன் நிறுவனம் 1952-இல் லெஸ் பால் கிட்டாரை வெளியிட்டபோது அதன் மேல்பக்கத்துக்கு அடித்தது இந்த மாதிரிப் பவுடரை நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் கலந்துதான். உள்ளே மேப்பிள் பலகை. ஆனால் அதன் வரியும் தெரியாது, எந்த இடத்தில் ஒட்டுப்போட்டார்கள் என்பதும் தெரியாது, எல்லாவற்றையும் பொன் மூடிவிட்டது. 1958-இல் அதைக் கைவிட்டு மரம் தெரிகிற, நடுவில் வெளுத்து ஓரத்தில் கருக்கும் சன்பர்ஸ்ட் நிறத்துக்குப் போனார்கள்.

அந்தப் பழைய கிட்டார்களில் இன்றைக்கும் எல்லோரும் உற்றுப் பார்க்கிற விஷயம் ஒன்று: வலது முழங்கை தேய்கிற இடம் பச்சையாக இருக்கும். வியர்வை லாக்கரைத் தின்று, மேலிருந்த தெளிந்த படலம் தேய்ந்துபோய், பித்தளையிலிருக்கும் செம்பு வெளிக்காற்றைச் சந்தித்தால் என்ன ஆகும், களிம்பு ஏறும். செம்புப் பாத்திரத்தில் ஏறுமே, அதே களிம்பு. சேகரிப்பவர்கள் அதை அழகு என்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் புதிதாகச் செய்கிற கிட்டாரில் முதல் வருடமே பச்சை வந்தால் அழகு என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. அதனால் பித்தளைப் பவுடர் அடித்தால் மேலே நிறமற்ற கிளியர் கோட்டைத் தாராளமாகப் போட வேண்டும், முக்கியமாக முழங்கை படும் விளிம்பில். இன்னொரு எச்சரிக்கை: பித்தளைப் பவுடரை லாக்கரில் கலந்து மிச்சத்தை மூடி வைக்காதீர்கள். செம்பும் நைட்ரோசெல்லுலோஸும் சும்மா இருக்காது, கலவை கொழகொழவென்று கூழாகிவிடும், சிலசமயம் பச்சையும் அடிக்கும். வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை அன்றன்றைக்குக் கலப்பதுதான் ஒரே வழி.

டப்பாவை மூடி வைத்ததைப் பற்றிச் சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒருதடவை, லாக்கர் வாடை வேண்டாம் என்று தண்ணீர் கலந்த அக்ரிலிக் வார்னிஷுக்கு மாறினேன். கையிலிருந்த அலுமினியப் பவுடரையே அதில் கலந்தேன், அருமையாகக் கலந்தது. மீதியைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து மூடி கும்மென்று உப்பி நின்றது. திறக்கத் தொட்டதுமே டப்பென்று மூடி தெறித்து, கூரையிலிருந்து என் சட்டை வரை வெள்ளி. நடந்தது என்னவென்றால், அலுமினியத்தின்மேல் இருக்கும் ஆக்சைடு படலத்தைக் காரத்தன்மையுள்ள நீர் கரைத்துவிடும், அதற்குக் கீழே இருக்கும் உலோகம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். தண்ணீர் சார்ந்த வார்னிஷ்கள் பெரும்பாலும் லேசான காரமாகத்தான் இருக்கும். அருகில் ஒரு தீப்பொறி இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். தண்ணீர் வார்னிஷுக்கென்றே சிலிக்கா மாதிரி ஏதாவது ஒன்றால் போர்த்திய அலுமினியப் பவுடர் இருக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். இல்லையென்றால் உலோகத்தையே விட்டுவிட்டுக் காக்காப்பொன்னுக்குப் போய்விடலாம்.

காக்காப்பொன் என்று நம் ஆட்கள் மைக்காவுக்கு வைத்த பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முத்துப்பூச்சு என்று விற்கும் பவுடர்களில் பெரும்பாலானவை மைக்காச் செதிலின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லிசாகப் பூசியவை. அந்தப் பூச்சின் தடிமனைப் பொறுத்து ஒரே வெள்ளைப் பவுடர் பொன்னாகவோ நீலமாகவோ பச்சையாகவோ தெரியும், சோப்புக் குமிழியில் நிறம் தெரிகிற அதே கதை. களிம்பு ஏறாது, தண்ணீரில் பொங்காது, வெடிக்காது. ஆனால் அலுமினியத்தின் அந்தக் கத்திமுனைப் பளபளப்பு இதில் வராது. இது உள்ளிருந்து ஒளிர்கிற மாதிரி இருக்கும், அலுமினியம் முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு இரண்டும் வேண்டும், வேறு வேறு கிட்டார்களில்.

பெரிய ஜிகினா வேறு ரகம். 1950களில் கிரெட்ஷ் நிறுவனம் வெளியிட்ட மின்னும் கிட்டார்கள் பெயின்ட்டே இல்லை. அவர்கள் டிரம்மும் செய்தார்கள், டிரம்மைச் சுற்றி ஒட்டுகிற பிளாஸ்டிக் தாளையே கிட்டார் முகத்திலும் ஒட்டிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். இன்று தெளிக்கிற ஜிகினா பெரும்பாலும் பாலியஸ்டர் தாள், அதன்மேல் ஆவியாகப் படியவிட்ட அலுமினியம், அதை அறுகோணமாக வெட்டியது. உலோகம் அதில் பேருக்குத்தான். அளவு 0.1 மில்லிமீட்டரிலிருந்து 0.4 மில்லிமீட்டர், அதற்கு மேலும் உண்டு. இது துப்பாக்கியின் சாதாரண 1.4 மில்லிமீட்டர் நாசிலில் அடைத்துக்கொள்ளும், 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும், கப்பில் இருக்கும் வடிகட்டியையும் எடுத்துவிட வேண்டும். அடியில் போய்ப் படிந்துகொண்டே இருப்பதால் கப்பில் நாலைந்து கோலிக்குண்டு போட்டு, அடிக்கிற நேரம் முழுவதும் ஆட்டிக்கொண்டே இருப்பேன். கைவினைக்கு விற்கிற ஜிகினாவை மட்டும் நம்பி வாங்கி லாக்கரில் கலக்காதீர்கள். அதன் சாயம் தின்னரில் கழன்று வரும். ஒரு சிட்டிகையைத் தின்னரில் போட்டு ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெரிய ஜிகினாவில் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். செதில்கள் கல் பதித்த மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், அதை மூடிச் சமமாக்க அவ்வளவு கிளியர் கோட் வேண்டும். நைட்ரோசெல்லுலோஸை அந்தத் தடிமனுக்கு ஏற்றினால் மாதக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும், பின்னால் வெடிப்பும் விடும். அதனால் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் அல்லது பாலியஸ்டர்தான் சரி. அந்தப் பாலியூரித்தேனில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு நிரந்தரமாக ஒவ்வாமை வரவைக்கக்கூடிய சரக்கு, துணி முகமூடி கட்டிக்கொண்டு அடிக்கிற விஷயமே இல்லை. சொல்லப்போனால், அதனாலேயே நான் பெரிய ஜிகினா வேலையை விட்டுவிட்டேன்.

எந்தச் செதிலாக இருந்தாலும் ஒரு விதி பொது. கிளியர் போடாமல் உப்புத்தாள் வைக்கக்கூடாது. தேய்த்தால் செதிலின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட இடம் மங்கலான புள்ளியாகத் தெரியும், அதற்குமேல் எவ்வளவு கிளியர் போட்டாலும் அது அப்படியே தெரியும். அலுமினியமாக இருந்தால் தேய்க்கும்போது சாம்பல்நிறச் சேறும் வரும். அந்தச் சேறு பக்கத்திலிருக்கும் வெள்ளை பைண்டிங்கில், அதாவது ஓரப்பட்டையில், ஏறினால் போச்சு.

இதெல்லாம் மரத்தை மூடுகிற வேலைகள். உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் பாதி மனசுதான். நல்ல மரத்தைத் தேடி எடுத்து, இழைத்து, வளைவு கொடுத்து, அப்புறம் அதைக் கார் மாதிரி ஆக்குவானேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். கார் என்பது சும்மா சொல்லவில்லை. 1960களில் ஃபெண்டர் கிட்டார்களில் வந்த லேக் பிளாசிட் புளூ மாதிரி மெட்டாலிக் நிறங்கள் டூபான்ட் நிறுவனம் கார்களுக்குச் செய்த பெயின்ட்டுகளேதான். மேலே போட்ட கிளியர் வயதாகி மஞ்சளடிக்க, அந்த நீலக் கிட்டார்களில் பல இன்று பச்சையாகத் தெரிகின்றன. கேண்டி ஆப்பிள் ரெட் மட்டும் எனக்கு விதிவிலக்கு. அடியில் வெள்ளி அல்லது பொன், மேலே ஒளி ஊடுருவும் சிவப்பு. ஒளி சிவப்பைக் கடந்து போய், உலோகத்தில் பட்டு, மறுபடி சிவப்பைக் கடந்து வெளியே வருகிறது. ஒரே சிவப்பை இரண்டு தடவை பார்க்கிறோம். ஆழம் அங்கிருந்துதான் வருகிறது.

என் மனசு முழுதாகப் போவது மரத்தின் துளைக்குள் உலோகம் போகிற வேலையில். ஆஷ் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது வசந்தத்தில் வளர்கிற பகுதியில் பெரிய பெரிய குழாய்களை வரிசையாக வைத்திருக்கும், குறுக்களவு 0.2, 0.3 மில்லிமீட்டர் வரை போகும், வெறும் கண்ணுக்கே கீறல்கீறலாகத் தெரியும். 20 மைக்ரான் பவுடருக்கு அது அகலமான தெரு. மகாகனியின் துளைகள் இன்னும் சிறியவை, ஆனால் வேலைக்கு ஆகும். மேப்பிளில் இதை முயற்சி செய்யாதீர்கள், துளை பொடிசு, எதுவும் உட்காராது.

முதலில் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் வரியோடு ஒட்டித் தேய்ப்பேன். மென்மையான பகுதி உதிர்ந்து துளைகள் வாய் திறக்கும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துணுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு பின்னால் துரு காட்டும். அப்புறம் கருஞ்சாயம். அது காய்ந்ததும், மெழுகு நீக்கிய ஷெல்லாக் அரக்கை நீர்க்கக் கரைத்து இரண்டு கை. இந்த ஷெல்லாக்கை நான் முதல் தடவை விட்டுவிட்டேன், எதற்கு வீண் வேலை என்று. செம்புப் பவுடர் கலந்த ஃபில்லரை, அதாவது துளை அடைக்கும் பசையை, நேராகச் சாயத்தின்மேல் தேய்த்தேன். துளையில் மட்டும் போக வேண்டியது, நாரிடுக்கெல்லாம் ஏறி, கருப்பும் இல்லாமல் செம்பும் இல்லாமல் அடுப்புச் சாம்பல் மாதிரி ஒரு நிறம். துடைக்கத் துடைக்க இன்னும் உள்ளே போனது. அந்த உடலை முழுக்கத் தேய்த்து மறுபடி ஆரம்பிக்க ஒரு வாரம் ஆனது. ஷெல்லாக் செய்வது இவ்வளவுதான், துளையின் வாயை அடைக்காமல் மற்ற இடத்தையெல்லாம் மூடிவிடுகிறது. கெட்டியாக அடித்தால் துளையும் அடைந்துவிடும், அதுவும் உபயோகமில்லை.

கலவைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, நிறமற்ற ஃபில்லர் நான்கு பங்குக்குப் பவுடர் ஒரு பங்கு. பழைய பிளாஸ்டிக் அட்டையால், வரிக்குக் குறுக்காகச் சாய்த்து இழுக்க வேண்டும். வரியோடு இழுத்தால் அட்டையே துளைக்குள் போனதை வாரிக்கொண்டு வந்துவிடும். மேலே இருப்பது மங்க ஆரம்பித்ததும் சொரசொரப்பான துணியால், மறுபடியும் குறுக்காகவே துடைப்பேன். அந்த நிமிடம்தான் எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்த நிமிடம். பலகை முழுக்கச் சேறு மாதிரி கிடக்கும், துணி ஒரு தடவை போய்வந்ததும் கருப்புக்குள்ளிருந்து செம்பு வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். மழைத்தண்ணீர் வடிந்த பிறகு மணலில் கோடு தெரியுமே, அப்படி. மரம் எத்தனையோ வருடம் தண்ணீர் உறிஞ்சிய பாதை அது. நான் எதையும் வரையவில்லை, இருந்ததைக் காட்டியிருக்கிறேன்.

உலோகத்தை மரப் பொருளில் தூவுவது புதுசும் இல்லை. ஜப்பானின் மாகி-எ வேலை இதைவிடப் பல நூற்றாண்டு பழசு. ஈரமான உருஷி அரக்கின்மேல் பொன்துகளைத் தூவி, அதன்மேல் மறுபடி அரக்குப் பூசி, காய்ந்ததும் பொன் தெரியும்வரை மெதுவாகத் தேய்ப்பார்கள். கிளியர் போட்டுவிட்டுத் தேய் என்ற விதியை அவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடிக்கடி வருகிற கேள்வி, உலோகம் சத்தத்தைக் கெடுக்காதா என்பது. எலெக்ட்ரிக் கிட்டாரில் பயப்பட ஒன்றுமில்லை. அலுமினியம், செம்பு, பித்தளை எதையும் காந்தம் இழுக்காது, கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடிக்கிற பிக்கப்புக்கு அவை இருப்பதே தெரியாது. என் வெள்ளிப் பலகையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், மின்சாரமும் ஓடவில்லை, ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகப் பிசினுக்குள் புதைந்து கிடக்கிறது. இரும்புப் பவுடர் மட்டும் கூடவே கூடாது. துருவும் பிடிக்கும், தேய்க்கும்போது வருகிற தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. பாலிஷ் போட ஸ்டீல் வுல் வைத்துத் தேய்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். அக்கூஸ்டிக் விஷயம் வேறு. அதன் மேல்பலகையே 3 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், நல்ல கைவேலையில் அதன்மேல் இருக்கும் லாக்கர் 0.1 மில்லிமீட்டர் பக்கம். அங்கே செதிலும் அதை மூடக் கிளியரும் ஏற்றினால் அதிர வேண்டிய பலகைக்குக் கம்பளி போர்த்திய மாதிரி. தலைப்பகுதி, ஒலித்துளையைச் சுற்றிய வளையம், இந்த இடங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பவுடரைக் கையாளும்போது காற்றில் பறக்கவிடாதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பொடிசான அலுமினியப் பவுடர் காற்றில் புகையாக நின்றால் ஒரு பொறிக்கே வெடிக்கும், வாணவேடிக்கையில் வெள்ளை ஒளிக்குப் போடுவதே அதைத்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டு, டப்பாவுக்குள்ளேயே கரண்டியை விட்டு எடுத்து, நேராகத் திரவத்துக்குள் இறக்குவேன். துகள் வடிகட்டுகிற முகமூடி இல்லாமல் டப்பாவைத் திறப்பதே கிடையாது.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் கொஞ்சம் பறக்கத்தான் செய்யும். ஜிகினா வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்து ஒரு அக்கூஸ்டிக் செய்தேன். ஸ்புரூஸ் மேல்பலகை, சாயம்கூடக் கிடையாது, வெறும் கிளியர். வாங்கிப்போனவர் மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார். "சார், ஒலித்துளைக்குக் கீழே ஒரே ஒரு வெள்ளிப்புள்ளி மின்னுது, தேய்ச்சாலும் போகல, வேணும்னே வெச்சீங்களா?" என்றார். கொண்டுவரச் சொல்லி விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். அறுகோணம், 0.2 மில்லிமீட்டர், கிளியருக்கு அடியில் அழகாக மல்லாந்து படுத்திருந்தது.